நீலத்திரைக்குப் பின்னால் முப்பத்தெட்டுப் பக்கங்கள்

அன்று செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை எங்கள் பகுதியில் பராமரிப்புக்காகக் கரண்ட் இருக்காது என்று முந்தின நாளே செய்தி வந்துவிட்டது. பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் அவ்வப்போது நடப்பதுதான். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்பே கம்ப்யூட்டரை முறைப்படி மூடி, சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டு, மீன் கழுவப் போனேன். என் மனதில் அன்று எந்தக் கவலையும் இல்லை. முப்பத்தெட்டுப் பக்க வேலை முடிந்திருந்தது. ஒருமுறை படித்துப் பார்த்து, அச்செடுத்து, முத்திரை வைக்க வேண்டியதுதான் பாக்கி.

நான் செய்வது ஆவண மொழிபெயர்ப்பு. பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, கோர்ட்டுத் தீர்ப்பு, பள்ளிச் சான்றிதழ் என்று இந்த ஊரில் ஜனங்கள் ஒரு கவர் நிறையக் காகிதங்களோடு வருவார்கள். தமிழில் இருப்பதைப் பிரெஞ்சிலும், பிரெஞ்சில் இருப்பதைத் தமிழிலும் எழுதிக் கொடுப்பேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் தொழில். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் பிரெஞ்சு படித்ததில்லை. என்னைப் பெற்ற அத்தாவுக்குக் கயிறும் ஆணியும் விற்கிற கடை. பெண்பிள்ளைக்கு எதற்கு அந்த பாஷை என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "கடையில நிக்கப் போறதில்ல. எதையாவது படிச்சிட்டுப் போவட்டும்" என்று மட்டும் சொன்னார்.

என் கம்ப்யூட்டரும் பிரெஞ்சுதான். சில வருடங்களுக்கு முன்பு, பாரீசில் வேலை பார்க்கும் ஒரு வாடிக்கையாளரின் மகன், அலுவலகத்தில் கழித்துவிட்ட மெஷின் என்று விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்தார். கீபோர்டு பிரெஞ்சு எழுத்து வரிசை, திரையில் வருகிற எல்லாச் சொற்களும் பிரெஞ்சு. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. திரை கறுப்பாக இருந்தது. ஏதோ எழுத்துகள் வந்து மறைந்தன. பிறகு திரை முழுக்க நீலம். ஓரத்தில் ஒரு சோக முகம். உங்கள் கணினி ஒரு சிக்கலைச் சந்தித்துள்ளது, மறுபடி தொடங்க வேண்டும் என்று பிரெஞ்சில் மரியாதையாக எழுதியிருந்தது. அதுவே அணைந்து, அதுவே எழுந்து, மறுபடியும் நீலம். மூன்றாவது முறையும் அதேதான்.

முதலில் எனக்குப் பயம் வரவில்லை. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆறேழு முறை அணைத்துப் போட்ட பிறகுதான் பிரதியைத் தேடினேன். அந்த முப்பத்தெட்டுப் பக்கங்களுக்கு வேறு பிரதி கிடையாது. பென் டிரைவ் ஒன்று இழுப்பறையில் கிடந்தது. அதில் மகளின் நிக்காஹ் படங்கள் மட்டும் இருந்தன. உங்கள் ஆவணங்களை மூன்று பிரதி எடுத்து வையுங்கள் என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிறவள் நான்.

பக்கங்கள் ஒரு மதாமுடையவை. எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பத்துப் பெண்களை இன்றும் அப்படித்தான் அழைக்கிறோம். அறுபதைத் தாண்டிய அந்த அம்மாள் முதலியார்பேட்டையில் தனியாக இருக்கிறார். அவருடைய தகப்பனார் பிரெஞ்சுப் படையில் சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. ஆனால் இவருடைய பிறப்பைப் பதிவு செய்த குமாஸ்தா இவர் பெயரை ஒரு விதமாக எழுதினார், பள்ளியில் சேர்த்த குமாஸ்தா வேறு விதமாக எழுதினார். அதனால் அவருக்குத் தகப்பனாரின் குடியுரிமை கிடைக்கவில்லை. கூடப் பிறந்த தம்பிக்குக் கிடைத்துவிட்டது. பல வருடம் கோர்ட்டுக்கு நடந்து, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று தீர்ப்பு வாங்கியிருந்தார். அந்தத் தீர்ப்பையும் சாட்சி வாக்குமூலங்களையும்தான் நான் பிரெஞ்சில் எழுதியிருந்தேன். மறுநாள் காலை பத்து மணிக்குப் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் அவருக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அந்த நேரம் கிடைக்கவே ஏழு மாதம் காத்திருந்தார்.

வெளியே இருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "சாரம் ஏரியாவுல அந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரர் இருக்காரே, அவரக் கூப்புடு" என்றார்.

கடைக்காரர் மூன்றரை மணிக்கெல்லாம் வண்டியில் வந்துவிட்டார். நாற்பது வயதுக்குள் இருப்பார். நல்ல மனிதர், கை சுத்தம். பிரிண்டர் மக்கர் செய்தபோது இரண்டு முறை வந்து சரிசெய்து கொடுத்திருக்கிறார். உட்கார்ந்து ஏதேதோ பட்டன்களை அழுத்திப் பார்த்தார்.

"இன்னாக்கா கீபோர்டு இது. ஏ இருக்கற எடத்துல க்யூ இருக்குது."

"பிரெஞ்சு கீபோர்டு தம்பி."

ஒரு தடவை நீல நிறத்துக்குப் பதிலாகச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டியல் வந்தது. அவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அதிலிருந்து வெளியேறிவிட்டார். "செட்டிங்ஸும் பிரெஞ்சுலயே இருக்குது. தெரியாம கை வெச்சா போர்டே போயிடும்க்கா."

"என்ன ஆயிருக்கும்?"

"ஹார்ட் டிஸ்க் போயிருக்கும்னு தோணுது. ஃபார்மட் அடிச்சிப் பாக்கலாம். ஏறுச்சின்னா நாளைக்கு சாயங்காலம் குடுத்துடறேன்."

"உள்ள இருக்கறது?"

அவர் என்னைப் பார்க்காமல் மவுசைப் பார்த்துச் சொன்னார். "அது போனது போனதுதான்க்கா."

கடையில் ஒரு வேலை பாதியில் நிற்கிறது, ஆறு மணிக்கு வந்து மெஷினை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று கிளம்பினார். வாசல்வரை போய், திரும்பி, "ஃபார்மட் அடிக்கலாமான்னு அதுக்குள்ள யோசிச்சி வெய்ங்க" என்றார்.

அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் ஆட்டோ வந்து நின்றது. மதாம். அச்செடுத்த பக்கங்களைப் பார்த்துக் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருந்தேன், அதையே மறந்துவிட்டேன். இஸ்திரி போட்ட வெள்ளைப் பூப் போட்ட சேலையில், கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு உள்ளே வந்தார். நான் எதையும் மறைக்கவில்லை. திரையைக் காட்டினேன்.

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டார்.

"கையில எழுதிக் குடுத்தா ஏத்துக்க மாட்டாங்களாம்மா?"

"முப்பத்தெட்டுப் பக்கம் மதாம். காலைக்குள்ள முடியாது. எழுதுனாலும் ஏத்துக்க மாட்டாங்க."

"சரி. காயிதத்துல நான் ரெண்டு பேராவே இருந்து பழகிட்டேன். இன்னும் ஏழு மாசம் இருந்துட்டுப் போறேன்."

அதை அவர் எனக்கு ஆறுதலாகச் சொன்னார். எனக்குச் சுரீரென்றது. அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அஸர் தொழுதுவிட்டு வந்து திரை முன்னால் உட்கார்ந்தேன். முதல்முறையாக அந்த நீலத்திரையில் இருந்ததை, வாடிக்கையாளர் கொண்டுவந்த ஒரு காகிதத்தைப் படிப்பதுபோல முழுதாகப் படித்தேன். அதுவரை நான் அதைப் பார்த்திருந்தேனே தவிரப் படிக்கவில்லை.

கீழே சின்ன எழுத்தில் பிழையின் பெயர் இருந்தது. மற்றதெல்லாம் பிரெஞ்சு, அது மட்டும் இங்கிலீஷ். தமிழில் சொன்னால், தொடங்க வேண்டிய சாதனத்தை எட்ட முடியவில்லை. எட்ட முடியவில்லை என்றுதான் போட்டிருந்தது. இல்லை என்று போடவில்லை, கெட்டுப்போனது என்றும் போடவில்லை. என் தொழிலில் இந்த வித்தியாசத்துக்காக ஒரு நாள் முழுக்க யோசித்திருக்கிறேன். காணாமல் போனவர் வேறு, இறந்தவர் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதினால் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே மாறிவிடும். டிஸ்க் போய்விட்டது என்று கடைக்காரர் சொன்னார். மெஷின் அப்படிச் சொல்லவில்லையே என்று தோன்றியது.

"மதாம், நீலம் வர்றதுக்கு முன்னால கறுப்புல ஏதோ வந்துட்டுப் போவுது. கண்ணுக்குச் சிக்க மாட்டேங்குது."

"போனுல படம் புடியேன்" என்றார். "என் பேத்தி ஆடறத அப்பிடித்தான் எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பாப்பேன்."

என் போனை அவரிடம் கொடுத்தேன். அவர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டார். நான் மெஷினை அணைத்துப் போட்டேன். கறுப்பு, எழுத்து, நீலம். வீடியோவை நிறுத்தி நிறுத்தி நகர்த்தினோம். ஒரு இடத்தில் எழுத்து தெளிவாக நின்றது. மதாம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார். தகப்பனாரிடம் கேட்டுப் பழகிய பிரெஞ்சு அவருடையது, எழுதத் தெரியாது, படிப்பார்.

"தாத் ஏ ஏர்... நோன் தெஃபினி."

"தேதியும் நேரமும் குறிக்கப்படவில்லை" என்று என் வாய் தானாகச் சொன்னது.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தேதிக்கும் டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தெரியவில்லை. ஆனால் இப்போது கையில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. போனில் இரண்டையும் சேர்த்துப் போட்டுத் தேடினேன். இங்கிலீஷில் வந்த பக்கங்கள் எல்லாம் ஃபார்மட் செய்யுங்கள், புது டிஸ்க் வாங்குங்கள் என்று கடைக்காரர் சொன்னதையே சொல்லின. பிறகு அதையே பிரெஞ்சில் எழுதித் தேடினேன்.

மூன்றாவதாக ஒரு பக்கம் வந்தது. கம்ப்யூட்டர் பிரச்சினைகளை ஆட்கள் எழுதிக் கேட்டு, தெரிந்தவர்கள் பதில் சொல்கிற இடம். பிரான்சில் ஏதோ ஒரு சின்ன ஊரில் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண், என்னுடைய அதே மெஷினுக்கு அதே இரண்டு செய்திகளும் வருவதாக எழுதியிருந்தார். கீழே ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார். மெஷினுக்குள் நாணயம் அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது. கரண்ட் இல்லாதபோது தேதியையும், மெஷினின் அடிப்படைச் செட்டிங்கையும் அதுதான் நினைவில் வைத்திருக்கும். அது தீர்ந்துபோய்க் கரண்டும் நின்றால், மெஷின் எல்லாவற்றையும் மறந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் செட்டிங்குக்குப் போய்விடும். டிஸ்க்கோடு எந்த முறையில் பேச வேண்டும் என்பதும் அதில் ஒன்று. முன்பு யாராவது அந்த முறையை மாற்றி வைத்திருந்தால், இப்போது மெஷின் டிஸ்க்கோடு தப்பான முறையில் பேசும். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. அதை மட்டும் மாற்றுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள், தொடுவதற்கு முன் இருந்ததை எழுதி வையுங்கள்.

அந்தப் பெண் திரும்பி வந்து பதில் எழுதியிருக்கவில்லை. அவருக்குச் சரியானதா இல்லையா என்று தெரிய வழியில்லை.

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

"செய்யலாமா மதாம்? தப்பாப் போச்சின்னா உள்ள இருக்கறது போனாலும் போயிடும்."

"அவரு ஆறு மணிக்கு வந்து அழிக்கத்தான போறாரு" என்றார். "நீ அழிச்சா என்ன, அவரு அழிச்சா என்ன. செய்."

செட்டிங் பக்கத்துக்குள் போவதே முதலில் முடியவில்லை. மெஷின் எழும்போது மேல்வரிசையில் எஃப் பத்து என்ற பட்டனைச் சரியான நொடியில் அழுத்த வேண்டும். இரண்டு முறை தவறவிட்டு நீலத்தைப் பார்த்தோம். மூன்றாவது முறை மெஷின் எழும் முன்பிருந்தே அந்தப் பட்டனை விடாமல் தட்டினேன். கடைக்காரர் பார்த்துப் பின்வாங்கிய சாம்பல் பட்டியல் வந்தது.

அவருக்குச் சுவராக இருந்தது எனக்குக் கதவாக இருந்தது. அலுவலகப் பிரெஞ்சு. உணர்ச்சியே இல்லாத, பெயர்ச்சொற்களையே அடுக்கிக்கொண்டு போகிற, நான் இருபத்திரண்டு வருடம் உழுத பிரெஞ்சு. ஒவ்வொரு வரியாகப் படித்தேன். தேதி, பல வருடத்துக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதியில் நின்றது. மதாமிடம் பென்சிலும் தாளும் கொடுத்தேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல இருந்ததையெல்லாம் எழுதினார். முதலில் தேதியையும் நேரத்தையும் திருத்தி, சேமித்து வெளியே வந்தேன்.

கறுப்பு எழுத்து இப்போது வரவில்லை. ஆனால் நீலம் வந்தது. அதே சோக முகம்.

தேதி சரியாகிவிட்டது, ஆனால் பிழை போகவில்லை. மூடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு அந்தப் பதிலை மறுபடி ஒருமுறை படித்தேன். தேதி ஒரு அடையாளம்தான், மாற்ற வேண்டியது டிஸ்க் பேசும் முறையை என்று அவர் தெளிவாகவே எழுதியிருந்தார். நான்தான் அவசரத்தில் பாதியோடு நின்றிருந்தேன்.

மறுபடி உள்ளே போனேன். சேமிப்பு என்ற தலைப்பின் கீழ் ஒரு உள்பட்டியல். அதற்குள் நாலாவது வரி, டிஸ்க் எந்த முறையில் பேசுகிறது என்பது. அதில் மூன்று தேர்வுகள். பதில் எழுதியவர் மாற்றச் சொன்ன நான்கெழுத்து முறை இரண்டாவதாக இருந்தது. மெஷின் முதலாவதில் நின்றது.

"இருக்கறத எழுதுங்க மதாம்."

"எழுதிட்டேன்."

மாற்றினேன். மாற்றங்களைச் சேமித்து வெளியேறவா என்று மெஷின் கேட்டது. "உய்" என்று மதாம் பிரெஞ்சில் மெதுவாக ஆமோதித்தார், தூதரகத்தில் யாரோ அவரைக் கேட்டதுபோல. நான் பட்டனை அழுத்தினேன்.

கறுப்பு. நெடுநேரம் கறுப்பு. பிறகு நடுவில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன. மதியத்திலிருந்து அந்தப் புள்ளிகள் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் நீலம் வந்துகொண்டிருந்தது. நான் எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு. பத்தாவது சுற்றில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன், ஏனென்றால் திரையில் வைத்திக்குப்பம் கடற்கரையில் என் மகள் எடுத்த படகுப் படம் வந்துவிட்டது. அதன் நடுவே என் பாஸ்வேர்டைக் கேட்டு ஒரு கட்டம்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். மதாம் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம்.

பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்தேன். உள்ளே போனால் எல்லாம் இருந்தது. தீர்ப்பு, வாக்குமூலங்கள், கடைசியாக நான் அடித்து நிறுத்திய வரிவரை. முதல் வேலையாக மகளின் நிக்காஹ் படங்களுக்குப் பக்கத்திலேயே முப்பத்தெட்டுப் பக்கங்களையும் பென் டிரைவில் போட்டேன். எனக்கே ஒரு மெயிலும் அனுப்பிக்கொண்டேன். பிறகு பிரிண்டரை ஓட விட்டேன். மதாம் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளாக எடுத்து, சூடு ஆறும் முன்பே வரிசைப்படுத்தி அடுக்கினார்.

இருபத்தொன்றாவது பக்கம் வரும்போது வாசலில் வண்டிச் சத்தம். கடைக்காரர், மெஷினைக் கட்டி எடுத்துப் போகக் கயிறோடு வந்திருந்தார். உள்ளே பிரிண்டர் ஓடுவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யாருக்கா வந்து பண்ணாங்க?"

"யாரும் வரல தம்பி. நான்தான்."

"ஃபார்மட் அடிக்காமயா?"

"அடிக்காமத்தான்."

அவர் கயிறைக் கீழே வைத்தார். மதாம் எழுதிய தாளை எடுத்துப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். பேட்டரி என்ற சொல் வந்ததும் நெற்றியில் தட்டிக்கொண்டார். "சே. அது எனக்குத் தோணியிருக்கணும்க்கா. நீலத்தப் பாத்ததும் டிஸ்க்குன்னே முடிவு பண்ணிட்டேன்." அதை ஒளிக்காமல் சொன்னதில் எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது.

கடைசிப் பக்கம் வந்த பிறகு மெஷினை அணைத்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்து வட்டமான சின்ன பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து, தன் மீட்டரில் வைத்துக் காட்டினார். "செத்துப் போச்சி. போன மாசம் வரைக்கும் கொஞ்சம் உயிர் இருந்திருக்கும்." அவர் பையில் புதியது ஒன்று இருந்தது. அதைப் போட்டதும், மெஷின் மறந்ததை மறுபடி சொல்லித்தர வேண்டியிருந்தது. இந்த முறை நான் வேகமாக உள்ளே போனேன். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு திரையையும் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"இது இன்னாக்கா?"

"சேமிப்பு."

"இது?"

"தொழிற்சாலைச் செட்டிங்குக்குத் திரும்பு. அதத் தொடவே கூடாது."

அந்தியில் மஃரிப் பாங்கு சொல்வதற்குள் எல்லாம் முடிந்தது. மதாம் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட, நான் ஒவ்வொன்றாக முத்திரை வைத்தேன்.

மறுநாள் பதினொன்றரைக்கு அவரிடமிருந்து போன் வந்தது. ரோட்டில் நின்று பேசுகிறார் என்று ஹாரன் சத்தத்தில் தெரிந்தது. ஃபைலை முழுதாக வாங்கிக்கொண்டார்கள். ஒரு தாளையும் திருப்பிக் கொடுக்கவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ரசீதில் அவர் பெயரை எப்படி எழுதுவது என்று மட்டும் கவுண்டரில் இருந்த பெண் கேட்டாராம்.

"நானே எழுத்துக் கூட்டிச் சொன்னேன்" என்றார். "சொல்லும்போது கொரல் நடுங்கல."

அன்று மதியம் அந்தப் பிரெஞ்சுப் பக்கத்துக்குள் மறுபடி போனேன். அந்தப் பெண் பதில் எழுதாமல் விட்ட இடத்துக்குக் கீழே ஒரு காலிக் கட்டம் இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் லட்சக்கணக்கான பிரெஞ்சுச் சொற்களை அடித்திருக்கிறேன், ஒன்றுகூட என்னுடையது கிடையாது. எல்லாம் வேறு யாரோ சொன்னதன் மொழிபெயர்ப்பு. எனக்கென்று எழுத உட்கார்ந்தால் முதல் வரிக்கே கால் மணி நேரம் ஆனது. நான் பாண்டிச்சேரியில் இருக்கிறேன். எனக்கும் இதே பிழை வந்தது. நீங்கள் சொன்னபடி அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினேன், மெஷின் எழுந்துவிட்டது, எதுவும் அழியவில்லை. தேதியைத் திருத்துவதோடு நிறுத்திவிடாதீர்கள், நான் நிறுத்திவிட்டுப் பயந்தேன். நன்றி.

இலக்கணத்தை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு அனுப்பினேன். சாயங்காலம் பார்த்தபோது, அந்தப் பக்கத்தை நடத்துகிறவர்கள் தலைப்புக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு சொல் சேர்த்திருந்தார்கள். ரெசோல்யு. தீர்ந்தது.